அடுப்பில் ஏறாத பை

பாலில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் என்ன ஆகும்? சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காதவருக்கும் விடை தெரியும். திரிந்துபோகும். பனீருக்கென்று நாமே திரிய வைத்தால் ஒழிய, பால் திரிவது நம் வீடுகளில் நல்ல சேதி இல்லை. காலைக் காப்பிக்குக் காய்ச்சும்போது திரிந்துவிட்டால் “யார் முகத்தில் விழித்தேனோ” என்ற முணுமுணுப்பு கட்டாயம் கேட்கும். அந்தத் திரிதலையே முழுக்க நம்பி அமெரிக்க வீடுகளில் ஒரு இனிப்பு செய்கிறார்கள். அதுதான் கிரீம் சீஸ் பை. அடுப்பு வேண்டாம், ஓவன் வேண்டாம், முட்டை வேண்டாம், கடல்பாசியோ ஜெலட்டினோ வேண்டாம். கிண்ணத்தில் கூழாக இருப்பது, காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் கத்தியால் வெட்டும் பதத்தில் நிற்கிறது.

பை என்றதும் கடைக்கு எடுத்துப்போகும் பை நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. இது சாய்ந்த விளிம்புள்ள ஆழமில்லாத தட்டில், மாவு அல்லது பிஸ்கட்டால் ஒரு ஓடு அமைத்து, அதற்குள் பூரணம் நிரப்பி, தட்டோடு மேசைக்கு வரும் பண்டம். கொழுக்கட்டையின் மேல் மூடியைத் திறந்து தட்டையாக்கினால் வருவது என்று வைத்துக்கொள்ளலாம். சீஸ்கேக் இதற்கு ஒன்றுவிட்ட அக்காள். அவள் உயரமானவள், பக்கச்சுவர் கழலும் தகரத்தில் வேகிறவள், கொஞ்சம் பிகுவும் உண்டு. பை வீட்டுப் பெண்.

முதலில் சாமான்களைப் பார்த்துவிடலாம். ஒன்பது அங்குலத் தட்டு ஒன்றுக்கு: கிரீம் சீஸ் 225 கிராம், இனிப்புச் சேர்த்த கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின் (சுமார் 400 கிராம்), வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 80 மில்லி, வெனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி. ஓட்டுக்கு மாரி அல்லது டைஜெஸ்டிவ் பிஸ்கட் 160 கிராம், வெண்ணெய் 80 கிராம், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி. இவ்வளவுதான். எட்டுப் பேர் சாப்பிடலாம். ஆறு பேர் இருந்தாலும் மிஞ்சாது.

கிரீம் சீஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சீஸ் என்றால் நம் ஊரில் பலருக்கும் தோன்றுவது ரொட்டிக்குள் வைக்கும் உப்புச் சீஸ், அல்லது கட்டியாக வரும் மஞ்சள் சீஸ். அவற்றைக் கொண்டு இதைச் செய்ய முயன்றால் உப்புப் பாயசம்தான் கிடைக்கும். கிரீம் சீஸ் வேறு சாதி. பாலும் பாலாடையும் கலந்த கலவையைத் தயிருக்கு உறை ஊற்றுவதைப் போலப் புளிக்க வைத்து, தண்ணீரைப் பிரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது. மாதக்கணக்கில் முதிர வைப்பதில்லை. அமெரிக்கச் சட்டப்படி அதில் குறைந்தது 33 விழுக்காடு பால்கொழுப்பு இருக்க வேண்டும். ஈரம் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நம் ஊர்ப் பெரிய கடைகளில் குளிர்ப்பெட்டி வரிசையில் கிடைக்கிறது. வெண்மையாக, மெல்லிய புளிப்போடு, வெண்ணெய்க்கும் கெட்டித் தயிருக்கும் நடுவில் ஒரு சுவை. டப்பாவில் வரும் தடவுகிற வகையைவிட, கட்டியாகக் காகிதத்தில் சுற்றி வரும் வகை நல்லது. தடவுவதற்கென்று செய்தது இயல்பாகவே இளகியது. பையும் அப்படியே இளகி நிற்கும். சைவர்கள் உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில சீஸ்களில் விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை சேர்ப்பதுண்டு.

இந்தச் சீஸ் 1870-களில் நியூயார்க் மாநிலத்துச் செஸ்டர் என்ற ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்பண்ணைக்காரர் கையில் வணிகச் சரக்காக உருவெடுத்தது. 1880-ல் அதை விற்ற வியாபாரி ஒருவர் அதற்கு ‘ஃபிலடெல்ஃபியா’ என்று பெயர் வைத்தார். ஃபிலடெல்ஃபியாவுக்கும் அந்தச் சீஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த நகரத்துப் பால் பொருள்களுக்கு அப்போது நல்ல பெயர் இருந்தது, அந்தப் பெயரை இவர் எடுத்துக்கொண்டார். எங்கோ செய்த அல்வாவைத் திருநெல்வேலி அல்வா என்று விற்கும் கலை நமக்கு மட்டும் சொந்தமல்ல.

கண்டென்ஸ்டு மில்க் அதற்கும் முந்தியது. கெயில் போர்டன் என்பவர் பாலிலிருந்து நீரைக் குறைந்த அழுத்தத்தில் சுண்ட வைக்கும் முறைக்கு 1856-ல் காப்புரிமை பெற்றார். அடுத்து வந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைக்குப் பால் டின்கள் போயின. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில், பசு இல்லாத இடத்துக்குப் பாலை அனுப்ப அதுதான் வழி. ஃப்ளோரிடாவின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்ட் தீவில் புதுப்பால் அரிது, புளிப்பான சின்ன எலுமிச்சை ஏராளம். டின் பாலும் அந்த எலுமிச்சையும் சேர்ந்து பிறந்த கீ லைம் பைதான் 2006 முதல் ஃப்ளோரிடாவின் அதிகாரப்பூர்வப் பை. போர்டன் நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 1930-களில் அது வெளியிட்ட சமையல் சிறுபுத்தகங்களில் ‘மந்திரம்’ என்ற சொல் கொட்டிக் கிடந்தது. டின்னைத் திற, எலுமிச்சை பிழி, தானே கெட்டியாகும் என்பதுதான் அந்த மந்திரம். அந்தக் கலவையோடு கிரீம் சீஸ் சேர்ந்ததுதான் நம் பை.

மந்திரத்தின் உள்விவரம் இது. பாலில் கேசின் என்ற புரதம் மிகச் சிறு உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இருப்பதால் பால் பாலாக இருக்கிறது. புளிப்பு ஏற ஏற அந்தத் தள்ளும் சக்தி குறைகிறது. பாலின் பிஎச் அளவு சுமார் 6.7, அது 4.6-ஐ நெருங்கும்போது உருண்டைகள் ஒட்டிக்கொள்ளத் தொடங்குகின்றன. சாதாரணப் பாலில் தண்ணீர் அதிகம் என்பதால் ஒட்டிக்கொண்டவை திரள் திரளாகப் பிரிந்து, நீர் தனியே நிற்கும். அதைத்தான் திரிந்துபோச்சு என்கிறோம். கண்டென்ஸ்டு மில்க்கில் நிலைமை வேறு. அதில் புரதம் சாதாரணப் பாலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். தண்ணீர் கொஞ்சம். பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை. அந்தக் கெட்டிப் பாகுக்குள் புரதங்கள் ஒட்டும்போது தனியே பிரிந்து போக இடமில்லாமல், அங்கங்கே கைகோத்து, ஒரு வலையாகி, நீரையும் சர்க்கரையும் கொழுப்பையும் உள்ளேயே பிடித்துக்கொள்கின்றன. திரிய வேண்டியது உறைகிறது. அதன்மேல் ஃப்ரிட்ஜின் குளிரில் கிரீம் சீஸின் கொழுப்பும் இறுகும்போது, வெட்டினால் நிற்கும் துண்டு கிடைக்கிறது.

ஆகவே இந்தப் பையில் எலுமிச்சைக்கு அடுப்பின் வேலை. வாசனைக்கு நான்கு சொட்டு விடுகிற சரக்காக அதை நினைத்துவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், முதல்முறை செய்தபோது நான் பட்ட பாடு. 80 மில்லி சாறு என்று படித்ததும் எனக்குத் திக்கென்றது. இவ்வளவு ஊற்றினால் புளித்துப்போகும், பாலும் திரிந்துவிடும் என்று பரம்பரைப் பயம் கையைப் பிடித்தது. இரண்டு கரண்டியோடு நிறுத்திவிட்டேன். மறுநாள் விருந்தினர் முன்னால் வெட்டினால், கத்தி போன வழியெல்லாம் மூடிக்கொண்டு வந்தது. கரண்டியால் கிண்ணத்தில் அள்ளிக் கொடுத்து, “இது ஒரு வகை அமெரிக்கப் பாயசம்” என்று சமாளித்தேன். நம்பியவர் ஒருவர்கூட இல்லை. அவ்வளவு சர்க்கரைக்கு அந்தப் புளிப்பு வேண்டியதுதான் என்று அளவாகச் செய்து சாப்பிட்டபோதுதான் புரிந்தது. சாறு குறைந்தால் பை இறுகாது என்பதோடு, நாக்கிலும் திகட்டும்.

நம் எலுமிச்சை சிறியது. தோல் மெலிந்த, கையில் உருட்டினால் இளகும் பழமாக நான்கைந்து வேண்டியிருக்கும். பிழியும் முன் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் சாறு தாராளமாக வரும். அளந்து ஊற்றுங்கள், பழக் கணக்கு இங்கே உதவாது. கடையில் விற்கும் எலுமிச்சை எசன்ஸ் வாசனை தரும், புளிப்புத் தராது; அதை நம்பினால் என் பாயசம்தான் உங்களுக்கும்.

இனி ஓடு. அமெரிக்கர்கள் இதற்குக் கிரஹாம் பிஸ்கட்டைப் பொடிப்பார்கள். சில்வெஸ்டர் கிரஹாம் என்ற பாதிரியார் 1830-களில், தவிடு நீக்காத கோதுமையும் காரமில்லாத சைவச் சாப்பாடும் மனிதனை ஒழுக்கத்தில் நிறுத்தும் என்று ஊர் ஊராகப் பேசினார். அவர் பெயரில் வந்த பிஸ்கட் இன்று வெண்ணெயிலும் சர்க்கரையிலும் ஊறிப் பைக்கு அடியில் கிடக்கிறது. பாவம் பாதிரியார். நமக்கு அதற்கு நெருங்கியது டைஜெஸ்டிவ் பிஸ்கட். மாரியும் சரிதான். அது 1874-ல் ரஷ்ய இளவரசி மரியா இங்கிலாந்து அரச குடும்பத்துக்கு மருமகளாகப் போனபோது லண்டனில் அவர் பெயரால் செய்த பிஸ்கட். டைஜெஸ்டிவ் ஓடு கொஞ்சம் கரகரப்பும் கோதுமை வாசமும் உள்ளது; மாரி ஓடு மென்மை. என் ஓட்டு டைஜெஸ்டிவுக்கு.

பிஸ்கட்டைக் கெட்டியான பாலித்தீன் உறையில் போட்டுப் பூரிக்கட்டையால் உருட்டுங்கள், அல்லது மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று. ரவையைவிடச் சற்றுப் பெரிய பொடி போதும். மாவாக்கிவிட்டால் ஓடு கல்லாகும். துண்டு துண்டாக விட்டால் உதிரும். உருக்கிய வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்துப் பிசறிக் கையில் பிடித்துப் பாருங்கள். புட்டு மாவைப் போல, பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். கடை வெண்ணெயில் உப்பு இருக்கும். அது நல்லதுதான், தனியாக உப்பு வேண்டாம். வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர்த் தண்ணீர் தங்கியிருப்பதால் ஓடு நமுத்துவிடும். அது மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றால் உருக்கி நெய்யாக்கி, 65 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். வெண்ணெயில் கொழுப்பு எண்பது விழுக்காடுதான் என்பதால் இந்தக் குறைப்பு.

பொடியைத் தட்டில் கொட்டி, அடிப்பக்கம் தட்டையான டம்ளரால் அழுத்திப் பரப்புங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, பிறகு ஓரத்தில் மேலேற. மூலைதான் எப்போதும் தடித்துப்போகும், அங்கே விரலால் சீராக்குங்கள். பிறகு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில். ஓவன் வைத்திருப்பவர்கள் 175 டிகிரியில் எட்டு நிமிடம் சுட்டு, நன்றாக ஆறவிட்டு நிரப்பலாம். ஓடு இன்னும் முறுகலாக இருக்கும். கட்டாயமில்லை. தனித் தட்டு இல்லாதவர்கள் கண்ணாடிப் பாத்திரத்திலோ எவர்சில்வர் கேக் தட்டிலோ செய்யலாம். பித்தளையும் அலுமினியமும் வேண்டாம், புளிப்பு ஒத்துக்கொள்ளாது.

பூரணத்தில் தவறு நடக்கும் இடம் ஒன்றுதான்: குளிர்ந்த சீஸ். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் அடித்தால் அது சின்னச் சின்னக் கட்டிகளாக உடையும். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய பிறகு அந்தக் கட்டிகளை எந்தப் பலசாலியாலும் கரைக்க முடியாது; வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு மணி நேரம் வெளியில் வைத்து, விரல் வைத்தால் பதியும் அளவுக்கு இளக விடுங்கள். சித்திரை வெயிலில் அரை மணி போதும். பிறகு சீஸை மட்டும் தனியாக, மரக்கரண்டியாலோ கையால் பிடிக்கும் பீட்டராலோ, பளபளவென்று ஆகும்வரை அடியுங்கள். அதன்பின் கண்டென்ஸ்டு மில்க்கை மூன்று தவணையாக, ஒவ்வொரு தவணையும் முழுதாகக் கலந்த பிறகு அடுத்தது. மிக்ஸியில் போட்டு ஓட விட்டால் சூடேறி நீர்த்துப்போகும், வேறு வழியில்லாதபோது மட்டும் சில நொடிகள்.

எலுமிச்சைச் சாறும் வெனிலாவும் கடைசியில். ஊற்றிக் கலக்கும்போதே கை உணரும்: தோசை மாவாக இருந்தது இட்லி மாவாக மாறும். இந்தக் கட்டத்தில் ஃபோனை எடுக்கப் போகாதீர்கள். கலந்தவுடன் ஓட்டில் ஊற்றி மேலே சமப்படுத்திவிடுங்கள். கிண்ணத்திலேயே இறுக விட்டு அப்புறம் வழித்துப் போட்டால், கைகோத்த வலை அறுந்து, மறுபடி அவ்வளவு உறுதியாகச் சேராது.

அப்புறம் காத்திருப்புதான். குறைந்தது நான்கு மணி நேரம். ராத்திரி செய்து காலையில் எடுப்பது உத்தமம். ஃப்ரீசரில் வைத்தால் சீக்கிரம் ஆகாதா என்று எல்லாருக்கும் தோன்றும். ஓரம் ஐஸாகி நடு கூழாக இருக்கும். வெளியில் எடுத்ததும் நீர் கசிந்து ஓடு ஊறிப்போகும். தட்டை மூடியே வையுங்கள். பால்கொழுப்பு வாசனையை உறிஞ்சும். நேற்றைய மீன் குழம்பும் நறுக்கிய வெங்காயமும் இருக்கும் ஃப்ரிட்ஜில் திறந்து வைத்த பையைச் சாப்பிட்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

மேலே போட அமெரிக்கர்கள் டின்னில் வரும் செர்ரிக் கூழைக் கவிழ்ப்பார்கள். அது இங்கே கிடைத்தாலும் விலை அதிகம், சுவை சுமார். அதைவிடக் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர்த் திராட்சை பிரமாதமாகப் பொருந்தும். கால் கிலோ பழத்தை மூன்று கரண்டிச் சர்க்கரையோடு தண்ணீர் சேர்க்காமல் வேகவைத்து, மசித்து, கொட்டையும் தோலும் போக வடிகட்டி, ஒரு தேக்கரண்டி சோளமாவைக் கரைத்து ஊற்றிக் கொதிக்க விட்டால் கருஞ்சிவப்பில் பளபளக்கும். முழுதும் ஆறிய பிறகே பையின்மேல் ஊற்ற வேண்டும். மாம்பழக் காலத்தில் பங்கனப்பள்ளித் துண்டுகளுக்கு ஈடில்லை. ஆனால் பரிமாறும் முன்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் நீர் விடும். அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றையும் பச்சையாக வைக்காதீர்கள். அவற்றில் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. நாம் பாடுபட்டுக் கட்டிய வலையை அது பிரித்துவிடும், பாலும் கசக்கும். அன்னாசியைச் சர்க்கரையோடு கொதிக்க வைத்துவிட்டால் அந்த நொதி செத்துவிடும், பிறகு பயமில்லை.

கிரீம் சீஸ் கிடைக்காத ஊரில் என்ன செய்வது? கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஃப்ரிட்ஜிலேயே ஒரு ராத்திரி தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததைப் பயன்படுத்தலாம் என்று சொல்வார்கள். செய்யலாம், ருசியாகவும் இருக்கும், ஆனால் வெட்டும் பதம் வராது. கிரீம் சீஸில் உள்ள கொழுப்பு தயிரில் இல்லை. அதைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி இட்லிப் பானையில் இருபது நிமிடம் ஆவியில் வேகவைத்துக் குளிர வைப்பது உத்தி. வங்காளிகள் வடித்த தயிரும் கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்த்து இப்படித்தான் ‘பாபா தோய்’ செய்கிறார்கள். அது பை இல்லைதான், ஆனால் கிரீம் சீஸ் பை என்று பெயர் சொல்லித் தோற்ற பையைவிட மேல். பனீரை அரைத்துப் போடும் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் மணல் தட்டும்.

ஓவனில் வேகவைக்கும் வகையும் உண்டு. 450 கிராம் கிரீம் சீஸ், அரைக் கப் சர்க்கரை, இரண்டு முட்டை, கொஞ்சம் வெனிலா கலந்து அதே ஓட்டில் ஊற்றி 160 டிகிரியில் சுமார் நாற்பது நிமிடம். ஓரம் நின்று, நடு மட்டும் லேசாக ஆடும்போது எடுத்துவிட வேண்டும். மீதியை அதன் சூடே பார்த்துக்கொள்ளும். அங்கே முட்டைதான் இறுக்குகிறது, எலுமிச்சைக்கு வேலையில்லை. அதிகம் வெந்தால் மேலே வெடிக்கும். அடர்த்தி அதிகம், செலவும் இரட்டிப்பு. முதல்முறை செய்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

வெட்டும்போது கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் அப்படியே. சென்னை மாதிரி ஊரில் வெளியே வைத்த இருபது நிமிடத்தில் ஓட்டின் வெண்ணெய் இளகத் தொடங்கும், ஆகையால் சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்த பிறகே தட்டை வெளியில் எடுக்க வேண்டும். மிச்சம் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். மூன்றாம் நாள் ஓடு நமுத்திருக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். முதல் துண்டு யாருக்கும் முழுதாக வராது, உடைந்துதான் வரும். அதை விருந்தினருக்கு வைக்காதீர்கள். அது செய்தவர் பங்கு.